இல்லாததைக் காட்டும் விளக்கு

பேராக் மாநிலத்துக் காம்பார் வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்கள் செழித்திருந்த காலத்தில், டூலாங் என்னும் அகன்ற மரத்தட்டை ஏந்திய பெண்கள் ஓடை நீரில் நின்று மணல் அரிப்பார்கள். தட்டைச் சுழற்றச் சுழற்ற மணல் நீரோடு வெளியேறும். கனத்த ஈயத்தாது அடியில் தங்கும். அதே வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பால்மரம் சீவப் புறப்பட்டவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சென்றார்கள். தொலைவில் நின்று பார்ப்பவருக்கு ஆள் தெரியாது; மரமும் தெரியாது; விளக்கு மட்டும் தெரியும். அவ்விளக்கைக் கொண்டே எந்த நிரையில் ஆள் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம்.

வேண்டாததை அலசி நீக்குதல் ஒன்று. வேண்டியதன்மேல் விளக்கேற்றி இருளில் காணுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்தால், இன்றைய உயிரியல் ஆய்வுக்கூடத்தின் சிறந்த முறைகளுள் ஒன்று கிடைத்துவிடும். அடையாளம் பொருத்திய எதிர்ப்பொருளைக் கொண்டு, உடலின் திசுக்களுக்குள் ஒரு குறிப்பிட்ட பொருள் எங்கே இருக்கிறது என்று காணும் முறையே அது. கண்ணின் திசுவில் உள்ள சர்க்கரைத் தொடர்களைக் காண இம்முறை பயன்பட்டபோது, ஒரு பரம்பரை நோயைப் பற்றிய கருத்தே தலைகீழாக மாறிற்று. அந்நோய் தென்னிந்தியக் குடும்பங்களிலும் காணப்படுவது. அது இறங்கிவரும் வழி, தமிழர் பழகிய உறவுமுறைத் திருமணத்தோடும் தொடர்புடையது. ஆதலின் அவ்வரலாறு தமிழ் மக்கள் அறியத்தக்கதாகும்.

கருவிழி கரியதன்று

கண்ணைப் பற்றிய தமிழ் வழக்கில் ஒரு மயக்கம் உண்டு. 'கருவிழி' என்றால் கண்ணின் நடுவிலுள்ள கரிய வட்டம் என்றே பலரும் கொள்வர். ஆனால், மருத்துவர் 'கருவிழி மாற்று அறுவை' என்னும்போது அக்கரிய வட்டத்தைக் குறிப்பதில்லை. அதற்கு முன்னால், கைக்கடிகாரத்தின் முகத்தில் கவிந்திருக்கும் கண்ணாடியைப்போல அமைந்த நிறமற்ற படலத்தையே குறிக்கிறார். கார்னியா என்பது அதன் மருத்துவப் பெயர். கருமை, அதன் பின்னாலிருக்கும் திரைக்கும் பாவைக்கும் உரியது. படலமோ கருமையும் இல்லாதது, வெண்மையும் இல்லாதது. தான் இருப்பதே தெரியாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு.

இப்படலம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. அத்தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு, கொல்லாஜன் என்னும் புரத இழைகளால் ஆன நடு அடுக்காகும். ஒரு மில்லிமீட்டரை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறே ஓர் இழையின் பருமன். கண்ணின் வெள்ளைப் பகுதியும் கொல்லாஜனால் ஆனதுதான். ஒரே வகைப் புரதத்தால் அமைந்த இரண்டு பகுதிகளுள் ஒன்று வெண்சுவர் போலவும், மற்றொன்று தெளிந்த கண்ணாடி போலவும் இருப்பது எதனால்?

இதற்கு 1957ஆம் ஆண்டில் டேவிட் மாரிஸ் என்னும் அறிஞர் ஒரு விளக்கம் தந்தார். கருவிழியின் இழைகள் ஒத்த பருமனும் ஒத்த இடைவெளியும் உடையவை; அவ்வொழுங்கே ஒளி சிதறாமல் ஊடுருவக் காரணம் என்பது அவர் கருத்து. தோட்டத்து ரப்பர் மரங்கள் நிரை பிடித்து நடப்பட்டவை. நிரையின் தலையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியும். அடுத்த மலைக்காட்டிலும் மரங்கள்தாம் நிற்கின்றன. ஆனால், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கருவிழி தோட்டம் போன்றது; கண்ணின் வெள்ளை காடு போன்றது.

இனி, இழைகளை அந்த ஒத்த இடைவெளியில் நிறுத்தி வைப்பது யாது என்னும் வினா எழும். அப்பணியில் பெரும்பங்கு கொண்டவை சர்க்கரைத் தொடர்கள்.

இனிக்காத சர்க்கரை

'கார்போஹைட்ரேட்' என்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'காபோவைதரேற்று' என்று எழுதும். பொதுவழக்கில் 'மாவுச்சத்து' என்பர். ஆயின், இவ்வகைப் பொருள்கள் யாவும் மாவும் அல்ல. யாவும் உணவும் அல்ல. சிறு சர்க்கரை மூலக்கூறுகள் பூத்தொடுத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு நீண்ட தொடர்களாகி, உடலின் கட்டடப் பொருளாகவும் நிற்கும். அவை இனிக்கமாட்டா, நீரிழிவு நோயாளியின் இரத்தத்தில் அளக்கப்படும் சர்க்கரையும் அவையல்ல.

இத்தகைய தொடர்களுள் இரண்டு, கண்ணிலிருந்தே முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டன. கார்ல் மேயரும் ஜான் பாமரும் 1934இல் மாட்டுக் கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் பாகு போன்ற பொருளிலிருந்து ஹயலுரோனிக் அமிலத்தைப் பிரித்தனர். 1953இல் மேயரும் அவர்தம் துணைவரும் மாட்டின் கருவிழியிலிருந்து கெரட்டன் சல்பேட்டைப் பிரித்தனர். கார்னியா என்பதன் இலத்தீன் வேரும், கெரட்டன் என்பதன் கிரேக்க வேரும் 'கொம்பு' என்னும் ஒரே பொருளைத் தருவன. மொழி பயில்வோர்க்கு இது சுவையான செய்தி.

கெரட்டன் சல்பேட்டில் காலக்டோஸ் என்னும் சர்க்கரையும், குளுக்கோசமைன் வகைச் சர்க்கரை ஒன்றும் மாறிமாறி வரும். இம்மாலையின் மணிகள்மேல் ஆங்காங்கே சல்பேட்டு என்னும் சிறு தொகுதி ஒட்டவைக்கப்படும். எதிர் மின்னூட்டம் உடைய இச்சல்பேட்டே நீரை இழுத்துப் பிடிக்கிறது. தொடரை நீரில் கரையும் தன்மையுடையதாக்குகிறது. சல்பேட்டு ஏறாத தொடர், உப்பிடாத உணவுபோலக் குறைபட்டது என்று சொன்னால் போதாது. அது தன் தொழிலையே செய்யாது. நீரில் நன்கு கரையாமல் திரளும். இச்சிறு வேறுபாட்டின்மேல்தான் பின்வரும் கதை முழுவதும் நிற்கிறது.

ஒன்றையே பற்றும் பொருள்

உடலுக்குள் அயற்பொருள் ஒன்று புகுந்தால், அதனைப் பற்றிப் பிடிக்கும் புரதங்களை உடல் உண்டாக்கும். இவற்றைத் தமிழ்நாட்டில் 'எதிர்ப்பொருள்' என்றும், இலங்கையில் 'பிறபொருளெதிரி' என்றும் வழங்குவர். கவட்டை போன்ற வடிவுடைய இப்புரதத்தின் இரண்டு கைநுனிகளும், எந்தப் பொருளை எதிர்த்து உண்டாயினவோ அப்பொருளின் ஒரு சிறு பகுதியை மட்டும் பற்றும். பிறவற்றைத் தீண்டாது. தேர்ந்து பற்றும் இத்தன்மையே அதனை ஆய்வாளரின் கருவியாக்கிற்று.

ஆனால், எதிர்ப்பொருள் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நுண்நோக்கியிலும் தெரியாது. அது எங்கே போய்ப் பற்றிக்கொண்டது என்று அறிய, அதன்மேல் ஒரு விளக்கு வேண்டும். அவ்விளக்கைப் பொருத்தியவர் அமெரிக்காவின் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ். அவரும் துணைவரும் 1941இல், நிமோனியாக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளோடு நீலமாக ஒளிரும் ஒரு சாயத்தை இணைத்தனர். திசுக்கள் தாமே இயல்பாகச் சிறிது நீலமாக ஒளிர்வதால், எது சாயம், எது திசு என்று பிரித்தறிய முடியவில்லை. ஆகவே, பசுமஞ்சளாக ஒளிரும் புளோரசின் என்னும் சாயத்துக்கு மாறினர். 1942இல், கிருமி ஏற்றப்பட்ட சுண்டெலியின் திசுக்களில் அக்கிருமியின் பொருள் தங்கியிருந்த இடங்கள் பச்சையாக ஒளிர்ந்தன.

அவ்வாறு ஒளிர்ந்தது எது? நிமோனியாக் கிருமியின் மேலுறையைச் சேர்ந்த சர்க்கரைத் தொடர்! ஆகவே, அடையாளம் பொருத்திய எதிர்ப்பொருளால் திசுவில் முதன்முதல் காணப்பட்டதே ஒரு கார்போஹைட்ரேட்டுதான் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பின்னர் அடையாளங்கள் பெருகின. 1966இல் நாகானே, பியர்ஸ் ஆகிய இருவரும் சாயத்துக்குப் பதிலாக ஒரு நொதியை இணைத்தனர். அந்நொதி, ஊற்றப்படும் மருந்தைப் பழுப்பு நிறமாக மாற்றும். ஒளிர்வு நுண்நோக்கி இல்லாமலே காணலாம். 1971இல் பொன்னின் நுண்துகள் அடையாளமாயிற்று. மின்னணு நுண்நோக்கியில் அது கரும்புள்ளியாகத் தெரியும்.

இன்னொரு தடையும் இருந்தது. விலங்கின் குருதியிலிருந்து பெறும் எதிர்ப்பொருள் பலவகைகளின் கலவை. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் சுரக்கும் ஓர் அணுவைப் புற்றணுவோடு ஒன்றாக்கி, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் அணுக்குலத்தை வளர்த்துக் காட்டினர். இதற்காக 1984இல் நோபல் பரிசு பெற்றனர். இம்முறையைக் கையாண்டு 1983இல் புரூஸ் கேட்டர்சனும் துணைவரும், சல்பேட்டு நிரம்ப ஏறிய கெரட்டன் சல்பேட்டை மட்டும் அறியும் ஒற்றைக்குல எதிர்ப்பொருள் ஒன்றை உருவாக்கினர். 5டி4 என்பது அதன் பெயர். சல்பேட்டு ஏறாத தொடரை அது பற்றாது.

எல்லாச் சர்க்கரைத் தொடர்களுக்கும் இவ்வாறு எதிர்ப்பொருள் கிடைத்துவிடுவதில்லை. ஹயலுரோனிக் அமிலம் எல்லா விலங்குகளிடத்தும் ஒரே வடிவில் இருப்பதால், எந்த விலங்கின் உடலும் அதனை அயலாகக் கருதுவதில்லை. நல்ல எதிர்ப்பொருளும் உண்டாவதில்லை. ஆகவே, அதனை இயல்பாகவே பற்றும் ஒரு குருத்தெலும்புப் புரதத்தை எடுத்து, அதற்கு அடையாளம் பொருத்துகின்றனர். பயறு வகைகளிலுள்ள லெக்டின் என்னும் புரதங்களும் சர்க்கரையைப் பற்றுவன. கச்சான் என்று மலேசியத் தமிழர் சொல்லும் நிலக்கடலையின் லெக்டின், விழித்திரையில் நிறங்காணும் கூம்பணுக்களைச் சூழ்ந்த உறையைத் தேர்ந்து பற்றும். கடைத்தெருவில் பொட்டலம் கட்டி விற்கும் கடலைக்குள், கண்ணை ஆராயும் கருவியும் இருக்கிறது!

செய்முறையும் சோதனையும்

கருவிழி மாற்று அறுவையின்போது நோயாளியின் கண்ணிலிருந்து நீக்கப்படும் படலம் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. பார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள சீவல்களாக அறுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவர். மெழுகை நீக்கியபின், கெரட்டன் சல்பேட்டை அறியும் எதிர்ப்பொருளை அதன்மேல் இடுவர். சிறிது நேரம் கழித்து அலசுவர். பற்றாதது நீரோடு போகும்; பற்றியது தங்கும். டூலாங் தட்டில் நிகழ்வதும் இதுவே. அடுத்து, முதல் எதிர்ப்பொருளையே பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளை இடுவர். அடையாளம் இருப்பது இதன்மேல்தான். முதலாவதன்மேல் இரண்டாவது பல ஒட்டிக்கொள்வதால் ஒளி பெருகும். மீண்டும் அலசியபின் நுண்நோக்கியில் வைத்துப் பார்ப்பர்.

ஒளி தெரிந்தால் பொருள் உண்டு; தெரியாவிட்டால் இல்லை என்று உடனே முடிவுகட்டலாமா? ஆகாது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போனபின், ஒரு நிரை மட்டும் இருண்டு கிடந்தால் கங்காணிக்கு ஐயம் எழும். ஆள் வரவில்லையா, வந்தவரின் விளக்குத்தான் அணைந்துபோயிற்றா? பக்கத்து நிரைகளில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தபின்பே அவர் முடிவுக்கு வருவார்.

ஆய்வாளரும் அவ்வாறே செய்கிறார். நோயற்ற கருவிழியின் சீவல் ஒன்றையும் உடன்வைத்து, இரண்டையும் ஒரே நாளில், ஒரே மருந்தில், ஒரே முறையில் நடத்துகிறார். அது ஒளிர வேண்டும். மற்றொரு சீவலுக்கு முதல் எதிர்ப்பொருளை இடாமலே மற்றவற்றைச் செய்கிறார். அது ஒளிரக் கூடாது. இன்னொன்றில் கெரட்டன் சல்பேட்டைச் சிதைக்கும் நொதியை முன்னரே ஊற்றுகிறார். அங்கே ஒளி மறைய வேண்டும். இத்தனையும் ஒத்துவந்த பின்னரே, இருண்ட இடத்தை 'இல்லை' என்று படிக்கலாம். ஒளிர வேண்டிய இடம் இது என்று அறிந்தவனுக்கே இருள் பொருள் தரும்.

மிகுதியா, குறைவா?

இவ்வாறு இருளைப் படித்ததால் உண்மை தெரிந்த நோய் ஒன்றுண்டு. அதன் பெயர் மேக்குலர் கருவிழி நலிவு. மேக்குலா என்னும் இலத்தீன் சொல்லுக்குப் புள்ளி என்று பொருள். விழித்திரையின் நடுப்பகுதியையும் மேக்குலா என்பதால், முதியோர்க்கு வரும் விழித்திரை நலிவோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இது கருவிழியில் தோன்றுவது, இளமையிலேயே தொடங்குவது.

குழந்தைப் பருவத்திலோ இளம்பருவத்திலோ கருவிழியின் நடுவில் மெல்லிய பனிபோல ஒரு மங்கல் தோன்றும். அதனுள் விளிம்பு தெளிவற்ற சாம்பல் வெண்புள்ளிகள் எழும். இரு கண்களிலும் இவை பரவி ஓரம்வரை செல்லும். வெயிலைக் காணக் கூசும். சிலர்க்கு வலியும் உண்டாகும். பலர்க்கு முப்பது, நாற்பது வயதிற்குள் பார்வை பெரிதும் குன்றிவிடும். 1890இல் ஆர்தர் குரோனோ என்னும் செருமானிய மருத்துவர் விவரித்த கருவிழிப் புள்ளி நோய்களுள் இதுவும் அடங்கும்.

நீக்கப்பட்ட கருவிழியைப் பழைய சாயங்களில் தோய்த்துப் பார்த்தபோது, அணுக்களுக்குள்ளும் இழைகளுக்கிடையிலும் சர்க்கரைத் தொடர் வகைப் பொருள் திரண்டு கிடப்பது தெரிந்தது. ஆகவே, உடல் அப்பொருளைச் சிதைத்து நீக்க மாட்டாமையால் அது தேங்கிவிடுகிறது என்று கொள்வது இயல்பாயிற்று. 1964இல் கோர்டன் கிளின்ட்வொர்த்து என்னும் கண் நோயியல் அறிஞரும் வோகலும் எழுதிய கட்டுரை, இந்நோயைப் பரம்பரையாக வரும் 'தேக்க நோய்' என்றே பெயரிட்டது. அன்றைய சாயங்கள் காட்டியதற்கு அது பொருந்திய முடிவே. சாயம் 'ஏதோ சர்க்கரைத் தொடர் இங்கே உண்டு' என்று சொல்லும்; 'அது எத்தகையது' என்று சொல்லாது.

1980இல் ஹாசலும் துணைவரும், நோயுற்ற கருவிழி முதிர்ந்த கெரட்டன் சல்பேட்டை ஆக்கவே தவறுகிறது என்று வேதியியல் வழியே காட்டினர். பிறகு எதிர்ப்பொருள் களத்துக்கு வந்தது. நோயற்ற கருவிழியில் நடு அடுக்கு முழுவதும் அடையாளம் படிந்தது. நோயுற்றதிலோ பெரும்பாலும் இருளே நிலவியது. 1986இல் கிளின்ட்வொர்த்தும் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, நோயாளியரின் கருவிழியில் மட்டுமன்றி, இரத்தத்திலும் கெரட்டன் சல்பேட்டு இல்லாமையை எடுத்துரைத்தது. இரத்தத்தில் இயல்பாக உள்ள கெரட்டன் சல்பேட்டு பெரும்பாலும் குருத்தெலும்பிலிருந்து வருவது. ஆகவே, குறை கண்ணில் மட்டும் இல்லை, உடலெங்கும் உள்ளது. கண்தான் அதனைத் தாங்க மாட்டாமல் வெளிக்காட்டுகிறது.

தேக்கம் என்று எண்ணப்பட்டது இவ்வாறு குறைவு என்று ஆயிற்று. திரண்டு கிடந்தது, சல்பேட்டு ஏறாத வெறும் மாலை. இருக்க வேண்டியதோ அங்கு இல்லை. தம் பழைய கருத்தைத் தாமே திருத்திய கிளின்ட்வொர்த்தின் நேர்மை போற்றத்தக்கது.

2000ஆம் ஆண்டில் அகாமா முதலிய ஆய்வாளர் இதன் வேரைக் கண்டனர். 16ஆம் குரோமோசோமில் உள்ள சி.எச்.எஸ்.டி.6 என்னும் மரபணு, சல்பேட்டை ஏற்றும் நொதியை ஆக்குவதற்கான குறிப்பாகும். அக்குறிப்புப் பிழைபட்டால் நொதி பழுதாகும், சல்பேட்டு ஏறாது.

மதுரையும் ஐதராபாத்தும்

இந்தியாவில் இந்நோய் அரியதாயினும் கண் மருத்துவமனைகள் அறிந்த நோயே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவரும் அமெரிக்க ஆய்வாளரும் சேர்ந்து, தென்னிந்திய நோயாளியரிடம் கண்ட புதிய மரபணுப் பிழைகளை 2003இல் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே ஐதராபாத்து எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தாரும் இத்தகைய பிழைகள் பலவற்றை வெளியிட்டனர்.

ஐதராபாத்து ஆய்வாளர் அத்தோடு நிற்கவில்லை. சித்ரா கண்ணபிரானும் அவர்தம் துணைவரும், கிளின்ட்வொர்த்தோடு சேர்ந்து, 2009இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். 53 குடும்பங்களைச் சேர்ந்த 64 நோயாளியர் அதில் இடம்பெற்றனர். கருவிழிச் சீவல்களிலும் இரத்தத்திலும் கெரட்டன் சல்பேட்டு உண்டா என்பதை ஒற்றைக்குல எதிர்ப்பொருளைக் கொண்டு தேடினர். 1964இல் தேக்கம் என்று எழுதிய அறிஞர், 45 ஆண்டுகளுக்குப் பின் இந்தியக் குடும்பங்களிடையே குறைவை அளக்கும் பணியில் துணைநின்றார்.

எதிர்ப்பொருள் காட்டும் தோற்றத்தைக் கொண்டு இந்நோயை மூவகைப்படுத்துவர். முதல் வகையில் கருவிழியும் இருள், இரத்தத்திலும் இல்லை. '1அ' எனத்தக்க அடுத்த வகையில் இழைகளின் இடைவெளி இருண்டிருக்கும், இரத்தத்திலும் இல்லை, ஆனால், கருவிழி அணுக்களுக்குள் மட்டும் அடையாளம் படியும். இரண்டாம் வகையில் கருவிழியிலும் இரத்தத்திலும் கெரட்டன் சல்பேட்டு காணப்படும். ஐதராபாத்து ஆய்வில் 27 குடும்பங்கள் முதல் வகை. 5 குடும்பங்கள் '1அ' வகை. 3 குடும்பங்கள் இரண்டாம் வகை. எஞ்சியவற்றுள் சில, இரத்தச் சோதனை மட்டுமே கிடைத்தமையால் முதலிரு வகைகளுள் எதுவென்று பிரிக்க இயலாதவை. சில, எவ்வகையிலும் அடங்காதவை.

மூவகையாரையும் மருத்துவர் நேரில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. கண்ணின் மங்கல் ஒன்றுபோலவே இருக்கும். மேலும், இன்ன மரபணுப் பிழைக்கு இன்ன வகை என்னும் எளிய பொருத்தமும் அவ்வாய்விற் கிடைக்கவில்லை. உடன்பிறந்தோரிடையேகூட வகை மாறிய குடும்பங்கள் இரண்டு இருந்தன. ஒரு நொதியின் பிழையே முழுக் கதையும் அன்று. வேறு காரணங்களும் உடனிருக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்பட்டது.

வீட்டுக்கு வரும் செய்தி

நுண்நோக்கி கண்ட இவ்வுண்மைக்கும் ஒரு குடும்பத்தின் வாழ்வுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பிள்ளையின் கண்ணில் வெண்மை படர்ந்தால், முன்வினை என்றும் கண்ணேறு என்றும் சொல்வோர் இருக்கின்றனர். தாய் வயிற்றிலிருந்து வந்தது என்று பெண் வீட்டாரைப் பழிப்பதும் உண்டு. அறிவியல் கூறும் விடை வேறு. இந்நோய் தோன்ற வேண்டுமானால், பழுதுபட்ட மரபணுப் படி தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றும் வர வேண்டும். ஒரு படி மட்டும் உடையவர்க்குக் கண் தெளிவாகவே இருக்கும். தாம் அதனைச் சுமப்பதே அவர்க்குத் தெரியாது. இருவரும் சுமப்பவராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே, பழி ஒரு பக்கம் சாய இடமே இல்லை. இருவர் கொடையும் சமம்.

உறவுமுறைத் திருமணம் இதில் எங்கே வருகிறது? அக்காள் மகளுக்கும் தாய்மாமனுக்கும் மரபணுக்களில் சராசரி நான்கில் ஒரு பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு பொது. எனவே, குடும்பத்தில் மறைந்து கிடக்கும் ஒரு பழுது, உறவில் மணப்போர் இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு, அயலாரை மணப்பதினும் மிகும். உறவில் மணந்தால் இந்நோய் வந்தே தீரும் என்பதன்று. பெரும்பாலான குடும்பங்களில் அத்தகைய பழுதே இராது. உறவுமணம் இல்லாத நாடுகளிலும் இந்நோய் உண்டு. மக்கள்தொகை சிறிதாகிய ஐஸ்லாந்தில் இது மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது. ஆயினும், இந்நோய் ஒருவருக்கு உண்டென்று தெரிந்த குடும்பத்தில், அடுத்த மணம் பேசுமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது அறிவுடைமை. உடன்பிறந்தாரின் கண்களையும் காலத்தே காட்டுவது நன்று. வகுப்பில் கரும்பலகையைக் காண இடர்ப்பட்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கும் மாணவனுக்குக் கண்ணாடியால் பயன் இல்லையெனின், கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர் ஆசிரியரே.

நோய்க்கு இன்னும் கைகண்ட மருந்தில்லை. ஆனால், எதனைத் தேட வேண்டும் என்பது தெளிந்துவிட்டது. தேங்கியதைக் கரைப்பது மட்டும் மருந்தாகாது. இல்லாததை உண்டாக்க வேண்டும். அதுவரை கைகொடுப்பது கருவிழி மாற்று அறுவை. 1905இல் எட்வர்டு சிர்ம் என்பவர் முதன்முதல் வெற்றியோடு செய்த அறுவை அது. இந்தியாவின் முதற் கண் வங்கியும் 1945இல் சென்னை எழும்பூரில், மருத்துவர் முத்தையாவின் முயற்சியால் தோன்றியது. இறந்தவர் ஒருவரின் கண்ணிலிருந்து வரும் படலத்தில், சல்பேட்டை ஏற்றத் தெரிந்த அணுக்கள் உள்ளன. நோயாளியின் கண்ணுக்கு இல்லாத ஒன்றை அவை உடன் கொண்டுவருகின்றன. பல ஆண்டுகள் கழித்துச் சிலர்க்கு மங்கல் திரும்பினும், இடைப்பட்ட காலமெல்லாம் பார்வை உண்டு. கண்கொடை எத்தகைய கொடை என்பதை இதனினும் தெளிவாக விளக்க இயலாது.

காம்பாரில் ஈயம் அரிப்போர் கூட்டம் இன்றில்லை. 1985இல் ஈய விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் ஓய்ந்தன. தோட்டங்கள் பலவும் உருமாறின. ஈயக்குட்டைகள் ஏரிகளாகக் கிடந்த நிலத்தில், 2007 முதல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் நிற்கிறது. தோட்டத்து வீடுகளில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே உயிர்மருத்துவ அறிவியல் பயிலலாம். எதிர்ப்பொருளையும் நுண்நோக்கியையும் கையாளலாம். இருண்டு கிடந்த நிரையைக் கண்டு 'அங்கே ஆள் இல்லை' என்று படித்த கங்காணியின் கண்ணும், இருண்ட சீவலைக் கண்டு 'இங்கே சல்பேட்டு இல்லை' என்று படிக்கும் ஆய்வாளரின் கண்ணும் செய்வது ஒரே தொழில்தான். இருப்பதைக் காண விளக்குப் போதும். இல்லாததைக் காண, இருக்க வேண்டியது எது என்னும் அறிவும் வேண்டும்.